கிணற்றடியில் ஓர் ஈஸ்டர் முட்டை

பெரிய வியாழன் இரவுப் பூசையில் வானவர் கீதத்தோடு ஒலிக்கும் கோயில் மணி, அதற்குப் பிறகு பெரிய சனி இரவுவரை அடிப்பதில்லை. ஊர்காவற்றுறை, கரம்பொன், நாரந்தனை, மெலிஞ்சிமுனை, அல்லைப்பிட்டி, மண்டைதீவு, நெடுந்தீவு என்று யாழ்ப்பாணத் தீவகத்தில் கத்தோலிக்கர் வாழும் ஊர்களில் கோயில் வளவு அந்த இரண்டு நாளும் அடங்கிக் கிடக்கும். வீடுகள் அப்படி அடங்கியிருப்பதில்லை. சனிக்கிழமை விடிந்தால் முற்றம் கூட்டுவதும் குசினி கழுவுவதுமாக ஒரே அமளி. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்திறங்கிய பிள்ளைகளைக் கண்டதும், ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்ட வேலைகளெல்லாம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வரும். கிணறு இறைக்க வேண்டும், காஸ் ரியூப் மாற்ற வேண்டும், வாட்டர் பம்புக்குப் புது வயர் இழுக்க வேண்டும்.

வீட்டைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளத்தான் இந்த வேலைகள். ஆனால் இவற்றைச் செய்யப்போன இடத்திலேயே உயிர் போனவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒன்று அங்கே காத்திருந்து ஆளை விழுத்துகிறது. அது எங்கே தங்கும், எப்படி நகரும் என்று அறிய அடர்த்தி என்ற ஒரே பௌதிகக் குணத்தை விளங்கிக்கொண்டால் பெரும்பகுதி தெளிவாகிவிடும். ஒரே அளவு இடத்துக்குள் எவ்வளவு பொருள் அடைந்திருக்கிறது என்பதே அடர்த்தி. கூடியது அடியில் தங்கும், குறைந்தது மேலே எழும். கிணற்றுக் காற்று, குசினி காஸ், மெழுகுதிரிச் சுடர், தீவகத்தின் குடிநீர் எல்லாம் இந்த விதிக்குள் வருகின்றன. அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட, பண்டிகைக்கு வாங்கிய முட்டைகளில் ஒன்று போதும்.

முதலில் நாளைப் பற்றி ஒரு சொல். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறே உயிர்த்த ஞாயிறு. ஆகவே அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் அசைந்துகொண்டிருக்கும். பல ஆண்டுகளில் அந்த நிலவும் இலங்கைப் பௌத்தர்களின் பக் மாத முழுநிலவான பக் போயாவும் ஒன்றுதான். நயினாதீவின் நாகவிகாரைக்குச் சிங்கள யாத்திரிகர்கள் படகேறுவதும் இந்தப் பருவத்தில்தான். புத்தர் நாகதீபம் எனப்படும் அந்தத் தீவுக்கு வந்து, மணியாசனத்துக்காகச் சண்டையிட்ட இரு நாக அரசர்களைச் சமாதானப்படுத்தினார் என்ற மரபை அந்தப் போயா நினைவுகூர்கிறது. கூடவே சித்திரைப் புத்தாண்டும் வந்துவிடுவதால், குறிகாட்டுவான் இறங்குதுறையில் மூன்று சமயத்தாரும் ஒரே வாரத்தில் பையும் பொதியுமாக நிற்பார்கள்.

2019இல் பெரிய வெள்ளியும் பக் போயாவும் ஏப்ரல் 19ஆம் திகதி ஒன்றாகவே வந்தன. அதற்கு இரண்டாம் நாள், 21ஆம் திகதி காலை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிள்ளைகள் ஞாயிறு உடுப்போடு இருந்த நேரம் அது. அதற்குப் பிறகு இலங்கையில் ஈஸ்டரும் பாதுகாப்பும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. கோயில் வாசலில் நடக்கிற சோதனை அரசின் கையில் இருக்கிறது. கிணற்றடியும் குசினியும் எங்கள் கையில் இருக்கின்றன. அவற்றைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன்.

ஐரோப்பாவில் ஈஸ்டரும் முட்டையும் பிரிக்க முடியாதபடி சேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள். தவக்காலத்தின் நாற்பது நாளும் முட்டை விலக்கப்பட்டிருந்தது முதலாவது. இரண்டாவது காரணம் கோழி. பகல் நீளத் தொடங்கியதும் கோழியின் மூளை அந்த வெளிச்சத்தை உணர்ந்து முட்டையிடும் சுரப்புகளைத் தூண்டுகிறது. இலண்டனில் குளிர்காலப் பகல் எட்டு மணித்தியாலத்துக்குச் சற்றே குறைவு. கோடையில் அது பதினாறரை மணித்தியாலத்தைத் தாண்டும். மின்விளக்கு இல்லாத காலத்தில் அங்கே மாரியில் கோழிகள் ஓய்ந்துவிடும், வசந்தத்தில் கூடை நிறைய முட்டையிடும். வீட்டில் முட்டை குவிகிற நேரத்தில் சாப்பிடத் தடை. தடை நீங்குகிற ஞாயிறு முட்டைத் திருநாளாகத்தானே மாறும்? நெடுந்தீவு நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பதரைப் பாகைதான் வடக்கே. அங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான். எங்கள் ஊர்க்கோழிக்கு வசந்தம் என்றொன்று தெரியாது. ஈஸ்டர் முட்டை தீவகத்துக்கு விருந்தாளியாக, கொழும்புக் கடைகளிலிருந்தும் வெளிநாட்டுப் பொதிகளிலிருந்தும் வந்தது. சொக்லேற் முட்டையானால் படகிலேயே உருகிவிடும். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் இளகும், யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலும் அந்த அளவை எட்டும்.

முட்டையோடு முட்டை மோதி உடைக்கும் விளையாட்டு இங்கிலாந்திலிருந்து கிரேக்கம், ஆர்மீனியா வரை ஈஸ்டரின் பகுதி. அசாமியரின் பிகு பண்டிகையிலும் அது உண்டு. யாழ்ப்பாணத்துக்கு அதே பருவத்தில் போர்த்தேங்காய் இருக்கிறது. தடித்த சிரட்டையுள்ள தேங்காயாகத் தேடித் தெரிந்து, ஒருவர் தன் காயை நிலத்தில் வைக்க, மற்றவர் தன் கையிலுள்ள காயால் ஓங்கி அடிப்பார். உடைந்தவர் தோற்றார். இரண்டு விளையாட்டிலும் வெல்லுவது ஓட்டின் வளைவு. வளைவு கூடிய முனையில் விழும் அடி ஓடு நெடுகிலும் அமுக்கமாகப் பரவுகிறது. ஓடு அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆனால் முனைதான் எப்போதும் பலம் என்ற எண்ணத்தை 2025இல் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் அசைத்தார்கள். 180 முட்டைகளை 8, 9, 10 மில்லிமீற்றர் உயரங்களிலிருந்து விழுத்திப் பார்த்தார்கள். 8 மில்லிமீற்றரிலேயே நிமிர்ந்து விழுந்தவற்றில் பாதிக்கு மேல் வெடித்தன, படுக்கையாக விழுந்தவற்றில் பத்தில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. பக்கவாட்டில் ஓடு சற்று வளைந்துகொடுத்து அடியின் சக்தியை வாங்கிக்கொள்கிறது. விறைப்பு வேறு, தாங்குதிறன் வேறு என்று பொறியியல் வகுப்பில் கற்பிப்பதைக் கிணற்றடியில் இரண்டு முட்டையோடு கற்பிக்கலாம். விளையாட்டுக்கு அவித்த முட்டையே நல்லது. பச்சை முட்டையில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம், பிள்ளைகள் கையை வாயில் வைப்பார்கள்.

அவிக்கும் முன் முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது அம்மம்மாக்களின் வழக்கம். புது முட்டை அடியில் படுக்கும், நாள் போனது எழும்பி நிற்கும், கெட்டது மிதக்கும். ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளால் நீராவி வெளியேற, அதன் இடத்தைக் காற்று பிடிக்கிறது. பருமன் மாறாமல் நிறை குறைந்தால் அடர்த்தி குறையும். உடைத்தால் வரும் அந்த நாற்றம் ஐதரசன் சல்பைட்டு. வெண்கருப் புரதத்தில் உள்ள கந்தகம் சிதைந்து உண்டாவது.

அதே நாற்றம் கிணற்றிலிருந்து வந்தால் அந்தக் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது.

தீவகத்தில் இந்த எச்சரிக்கைக்குத் தனிக் காரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் போரால் இடம்பெயர்ந்தவர்களில் பலர் திரும்பவில்லை. புங்குடுதீவிலும் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் கதவு யன்னல் இல்லாத வீடுகள் இன்னும் நிற்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கிணறு. இலையும் சருகும் செத்த பிராணியும் ஆண்டுக்கணக்கில் விழுந்து, அடியில் சேறாகப் படிந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை, தகப்பன் குளித்த கிணற்றைத் துப்பரவாக்க ஆசைப்படுவது இயல்பு. அந்த ஆசையை மதித்தே எழுதுகிறேன்.

சேறு அழுகும்போது நுண்ணுயிர்கள் ஒட்சிசனைத் தின்று காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றன. காபனீரொட்சைட்டு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். சுற்றிவரக் கட்டிய ஆழக் கிணற்றுக்குள் காற்றோட்டம் கிடையாது, ஆகவே அது கலைந்துபோகாமல் அடியில் தங்கும். கனம் மட்டுமே இதற்குக் காரணமாகாது. திறந்த வெளியில் எந்த வாயுவும் விரைவில் கலந்துவிடும். கிணற்றில் மேலிருந்து காற்று புகாததும் கீழிருந்து வாயு தொடர்ந்து ஊறுவதும் சேர்ந்துதான் அந்தப் படையைக் காப்பாற்றுகின்றன. இடிமழைக்கு முன் வளியமுக்கம் இறங்கும்போது மண்ணுக்குள் அடைபட்ட வாயு கூடுதலாகக் கிணற்றுக்குள் கசியும். சித்திரை மாதப் பின்னேரங்கள் இடிக்குப் பேர்போனவை. நேற்று இறங்கி ஏறிய கிணறு இன்று ஆளைக் கொல்லலாம்.

நாம் மூச்சுவிடும் காற்றில் ஒட்சிசன் 20.9 வீதம். அது 16 வீதமளவுக்கு இறங்கும்போது மெழுகுதிரி அணைந்துவிடும். 10 வீதத்துக்குக் கீழே போனால் மனிதன் நினைவிழப்பான், 6 வீதத்தில் சில நிமிடங்களில் உயிர் பிரியும். மூச்சு முட்டுகிறது என்று உணர்ந்து ஏறிவர நேரம் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஒட்சிசன் இல்லாத காற்றை இரண்டு மூன்று தடவை இழுத்தாலே கால் துவண்டு விழுந்துவிடும். ஐதரசன் சல்பைட்டு இன்னும் கொடியது. குறைந்த அளவில் நாறும். பத்து இலட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டியதும் மூக்கின் உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற கணத்தில்தான் அது உச்சத்தில் இருக்கும்.

பழைய ஆட்கள் லாம்பையோ மெழுகுதிரியையோ கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். நல்ல வழக்கம், ஆனால் அதன் சாட்சியத்தைப் பாதிதான் நம்பலாம். சுடர் அணைந்தால் கிணறு ஆபத்தானது என்பது உறுதி. அணையாவிட்டால் பாதுகாப்பானது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. ஐதரசன் சல்பைட்டையும் காபனோரொட்சைட்டையும் சுடர் காட்டிக்கொடுக்காது, அழுகலிலிருந்து மெதேன் சேர்ந்திருந்தால் பற்றவைத்துவிடும். வாயு அளக்கும் சிறு கருவிதான் சரியான சாட்சி.

பெற்றோலில் ஓடும் இறைப்பு மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். நீர்மட்டம் தாழ்ந்திருக்கும், உறிஞ்சு குழாய் எட்டாது, ஆகவே மெசினைக் கயிற்றில் கட்டிக் கீழே வைத்து ஓடவிட்டு, பிறகு ஆள் சேறு அள்ள இறங்குகிறார். காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோடு ஏறத்தாழ ஒரே அடர்த்தி என்பதால் நான் சொல்லிவந்த விதிக்கும் இது கட்டுப்படாது. அடியென்றும் மேலென்றும் பாராமல் அடைபட்ட இடம் முழுவதையும் நிரப்பிவிடும். குருதியின் ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். மெசின் நின்ற பிறகும் நஞ்சு கிணற்றிலேயே நிற்கும்.

இனிச் சொல்லப்போவதை ஒவ்வொரு வீட்டிலும் சத்தமாகப் பேசவேண்டும். கீழே ஒருவர் விழுந்தால் மேலே நிற்கிற தம்பியோ மச்சானோ உடனே குதிப்பார். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, இத்தகைய அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 வீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள். அன்பும் துணிவும் உள்ளவர்கள்தான் அடுத்ததாகச் சாகிறார்கள். ஆகவே காப்பாற்றும் ஏற்பாடு இறங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இறங்குகிறவரின் தோளையும் தொடையையும் சுற்றிய கயிறு, அதன் மறுமுனை துலாவிலோ கப்பியிலோ, மேலே குறைந்தது இரண்டு பேர். “அண்ணை, பேச்சுக் கேக்குதோ?” என்று இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் இழுக்க வேண்டும், ஒருவரும் குதிக்கக் கூடாது. இறங்குவதற்கு முன் இலை அடர்ந்த பெரிய கொப்பொன்றைக் கயிற்றில் கட்டி நெடுநேரம் மேலும் கீழும் அசைத்துக் காற்றைக் கலக்கலாம், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றலாம், ஊதுகுழாய் இருந்தால் அதைவிட நல்லது. என்னைக் கேட்டால், நெடுங்காலம் கைவிடப்பட்ட கிணற்றுக்குள் வீட்டார் இறங்கவே வேண்டாம் என்பேன். அந்த வேலை தெரிந்தவர்களிடம், கருவி உள்ளவர்களிடம் விடுங்கள்.

துப்பரவாக்கிய கிணற்றுக்குக் குளோரீன் இட வேண்டும். அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றின் விட்டத்தையும் ஆழத்தையும் கேட்டுச் சொல்வார். அதற்கு இடும் வெளிற்றும் தூளை மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு ஒரே வாளியில் கலக்க வேண்டாம். உடனே குளோரீன் வாயு கிளம்பும், அது காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். குந்தியிருந்து தரை தேய்க்கிறவரின் முகத்தளவில்தான் அது நிற்கும்.

அடுத்தது குசினி. வீட்டுப் பாவனைக்கு வரும் 12.5 கிலோ சிலிண்டருக்குள் புரொப்பேனும் பியூட்டேனும் அமுக்கத்தில் திரவமாக இருக்கின்றன. வெளியே வந்தால் புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரண்டு மடங்கும் கனமான வாயு. கசிந்த காஸ் புகைபோக்கி வழியாகவோ உயர யன்னல் வழியாகவோ போய்விடும் என்று எண்ணக் கூடாது. தரையில் வழிந்து, மேசைக்கு அடியிலும் வாசற்படிக்கு உட்புறத்திலும் தேங்கிக் கிடக்கும். காற்றில் இரண்டு வீதமளவு கலந்தாலே பற்றிக்கொள்ளும். மணம் வந்தால் லைற் சுவிச்சைப் போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது, இரண்டிலும் பொறி உண்டு. கதவைத் திறந்து, விளக்குமாற்றால் தரையோடு தரையாக வெளியே தள்ளுவதுபோல் காற்றை விசிற வேண்டும். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் சிலிண்டர்கள் படகில்தான் போகின்றன. படகின் அடித்தட்டு நான்கு பக்கமும் அடைத்த பள்ளம், கசிந்த காஸ் அங்கே இறங்கினால் வெளியேற வழி இல்லை. சிலிண்டரை மேல்தட்டில் நிமிர்த்திக் கட்டுவதன் நியாயம் இதுதான்.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலங்கையெங்கும் குசினிகளில் தொடர்ச்சியாக வெடிப்புகள் நடந்ததை ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். அதை ஆராய அரசு நியமித்த குழு, கலவையில் புரொப்பேன் விகிதம் மாறியதையே முக்கிய காரணமாகக் காட்டியது. புரொப்பேன் பியூட்டேனைவிட எளிதில் ஆவியாகும். அதன் பங்கு கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும், பழைய ரியூப்பும் தளர்ந்த ரெகுலேற்றரும் அதைத் தாங்காமல் கசியும். அந்த மாதங்களில் சவர்க்கார நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க நாடே பழகியது. நெருக்கடி ஓய்ந்ததும் பழக்கமும் ஓய்ந்துவிட்டது. ரியூப்பில் அச்சிட்ட ஆண்டைப் படியுங்கள், காலம் கடந்திருந்தாலோ வெடிப்பு விட்டிருந்தாலோ அன்றே மாற்றுங்கள். பத்து நிமிட வேலை.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டின் ட்ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்க வேண்டும். பொதுவாக 30 மில்லி அம்பியர் கசிந்தாலே அது வெட்டவேண்டிய கருவி. உப்புக்காற்று புவித்தொடுப்புக் கம்பியை அரித்துவிடும் தீவகத்தில், ஈரத் தரையில் வெறுங்காலோடு பம்பைத் தொடுகிறவருக்கும் சாவுக்கும் இடையில் நிற்பது அந்தச் சுவிச் ஒன்றுதான். பொத்தானை அழுத்தியும் நிற்காவிட்டால் விடுமுறை முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இதுவரை அடியில் தங்குவதைப் பற்றிச் சொன்னேன். சனி இரவு திருவிழிப்பில் மேலே எழுவதைக் காணலாம். கோயிலுக்கு வெளியே புது நெருப்பு மூட்டி, அதில் பாஸ்காத் திரியை ஏற்றி, அதிலிருந்து ஒவ்வொருவர் கையிலுள்ள மெழுகுதிரிக்கும் சுடர் கைமாறும். சுடர் கூம்பாக நீண்டு நிற்பது ஏன்? சூடேறிய வாயு அடர்த்தி குறைந்து மேலே எழ, கீழிருந்து புதுக்காற்று அந்த இடத்துக்கு ஓடிவருகிறது. 1992இல் அமெரிக்க விண்ணோடத்தில் மெழுகுதிரி ஏற்றிப் பார்த்தபோது சுடர் உருண்டையாக, நீலமாக, மங்கலாக இருந்தது. எடையற்ற நிலையில் கனமென்றும் இலேசென்றும் வேறுபாடு இல்லை, ஆகவே சூடான வாயுவுக்கு மேலே போகும் திசையும் இல்லை. தரையில் சுடரின் வெப்பம் நேர் மேலேதான் போகிறது. முன்வரிசையில் நிற்கும் அக்காவின் தலைமயிரும் நைலோன் சாறியின் தலைப்பும் பிள்ளையின் கைத்திரிக்குச் சரியாக அந்த இடத்தில் இருக்கும். ஏற்றிய திரியை நிமிர்த்திப் பிடித்து, ஏற்றாத திரியைச் சாய்த்துப் பற்றவைக்கப் பழக்கினால் உருகிய மெழுகும் கையில் விழாது.

புகை மேலே எழும் என்பதால் புகை எச்சரிக்கைக் கருவியைக் கூரையில் பொருத்துகிறார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேர்ணிலும் வாழும் தீவக மக்களுக்கு இது நாளாந்தப் பொருள், தாளிதம் போட்டாலே கத்துகிற பொருள். கத்துகிறதென்று பற்றரியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்த வீடுகள் எத்தனை! ஒரு வகைக் கருவி அமெரிசியம்-241 என்ற கதிரியக்கத் தனிமத்தைத் துளியளவு வைத்துக் காற்றை அயனாக்குகிறது, புகை வந்தால் மின்னோட்டம் குறைந்து ஒலிக்கிறது. மற்ற வகை ஒளிக்கதிர் சிதறுவதைக் கவனிக்கிறது. குசினிக்குப் பக்கத்தில் இரண்டாவது வகை பொருத்தினால் வீண் அலறல் குறையும். ஆஸ்திரேலியாவில் மணிக்கூட்டைப் பின்னுக்கு வைக்கும் ஏப்ரல் முதல் ஞாயிறு 2026இல் உயிர்த்த ஞாயிறோடு ஒன்றாகிறது, பற்றரி மாற்ற அங்கே தரும் நினைவூட்டலும் அந்த நாட்களில்தான் வரும். சிலிண்டர் காஸ் கசிவைக் காட்டும் கருவியோ தரையிலிருந்து ஒரு சாணுக்குள் பொருத்தப்படுவது. ஒன்று கூரையில், மற்றது தரையில். ஏன் என்று பிள்ளை கேட்டால் இனிப் பதில் தெரியும்.

கிணற்றைத் துப்பரவாக்கும்போது மனிதருக்கு வரும் ஆபத்தைச் சொன்னேன். கிணற்றுக்கே வரும் ஆபத்து ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் முட்டை.

கண்ணாடிப் போத்தல் ஒன்றின் பாதிவரை, லீற்றருக்கு 150 கிராம் அளவில் ஆனையிறவு உப்பைக் கரைத்த நீரை ஊற்றுங்கள். அவித்த முட்டையைப் போட்டால் மிதக்கும். பிறகு கரண்டியின் முதுகில் வழியவிட்டு, மிக மெதுவாக நல்ல தண்ணீரால் மீதியை நிரப்புங்கள். முட்டை மேலே வராது, கீழேயும் போகாது. போத்தலின் நடுவில், நன்னீருக்குக் கீழே உப்புநீருக்கு மேலே, அசையாமல் நிற்கும். இரண்டு நீரும் ஒன்றின்மேல் ஒன்று தங்கியிருப்பதை அது காட்டுகிறது. தீவகம் முழுவதும் இந்தப் போத்தல்தான். ஆறு இல்லாத இந்தத் தீவுகளில் ஐப்பசி முதல் மார்கழிவரை பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அங்கே ஏற்கெனவே நிறைந்திருக்கும் கடல்நீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. நெடுந்தீவின் சாராப்பிட்டிக் கிணறுகள் நன்னீர் தருவது அந்த வில்லையிலிருந்து.

அதன் கணக்கை 1888-89இல் படோன் கெய்பென் என்ற ஒல்லாந்துப் படைப் பொறியியலாளர் அம்ஸ்ரடாமுக்கருகே தோண்டவிருந்த கிணற்றுக்காக எழுதினார். 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர் வடகடலின் நோர்டெர்னை தீவில் அதையே தனியாகக் கண்டார். நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரினது 1.025. வித்தியாசம் நாற்பதில் ஒன்று. ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே நாற்பது மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். கேட்கச் செழிப்பாக இருக்கிறது. ஆனால் தீவகத்தில் நிலத்தடி நீர் கடல்மட்டத்துக்கு மேலே மிகக் கொஞ்சமே நிற்கிறது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளும் பொந்துகளும் கடலோடு தொடர்புள்ளவை, வற்றுப்பெருக்கு இரண்டு நீரையும் கலக்கிக்கொண்டே இருக்கும். கணக்குச் சொல்லும் தடிப்பு உண்மையில் கிடைப்பதில்லை.

அந்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பம்பு நீர்மட்டத்தைப் பத்துச் சென்ரிமீற்றர் தாழ்த்தி அப்படியே வைத்திருந்தால், அடியிலுள்ள உப்புநீர் நான்கு மீற்றர் எழ முனையும். கிணற்றுக்கு நேர் கீழே அது கூம்பாக மேலே வரும். பிள்ளைகளுக்குக் காட்ட, போத்தலுக்குள் ஊசியில்லாத சிரிஞ்சியை நன்னீருக்குள் பிடித்து, எல்லைக்குச் சற்று மேலிருந்து மெதுவாக இழுங்கள், பிறகு பலமாக இழுங்கள். அடியிலுள்ள நீருக்குச் சாயம் கலந்திருந்தால், பலமாக இழுக்கும்போது நிறம் சிரிஞ்சிக்குள் ஏறுவது தெரியும். துலாவால் வாளி வாளியாக அள்ளிய காலத்தில் கிணறு ஊறி ஈடுசெய்ய நேரம் கிடைத்தது. குதிரைவலு கூடிய மெசினை வைத்து ஒரு சனிக்கிழமைக்குள் கிணற்றை வற்றடித்து அடிப்பாறையைக் காண்பது துப்பரவல்ல. சேறு தெரியும் அளவுக்கு மட்டும் இறையுங்கள், நிறுத்துங்கள், ஊற விடுங்கள், மறுபடி இறையுங்கள். இறைக்கும் நீரை நாக்கில் தொட்டுப் பார்க்காமல், பிரதேச சபையிலோ நீர்வழங்கல் அலுவலகத்திலோ மின்கடத்துதிறன் அளந்து தரக் கேளுங்கள். உப்பு ஏறத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். ஒருமுறை உவரான கிணறு குறைந்தது அடுத்த மாரிவரை அப்படியே இருக்கும், சிலவற்றுக்கு ஒரு மாரியும் போதாது.